நீட்டிய கையில் விழுந்த ரொட்டி

என் வீட்டுக்காரம்மாள் மிஸஸ் டாசனுக்கும் எனக்கும் போன கார்த்திகை மாதத்தில் ஒரு திரைச்சீலைச் சண்டை நடந்தது. சண்டை என்றால் வாய்ச்சண்டை இல்லை. இந்த லீட்ஸ் நகரத்தில் வாய்விட்டுச் சண்டை போடுகிறவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. மாடியில் தெருவைப் பார்த்த அறை என்னுடையது. காலையில் எழுந்ததும் ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டுப் பல் தேய்க்கப் போவேன். திரும்பி வந்தால் திரை மூடியிருக்கும். மறுபடி ஒதுக்குவேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி மூடியிருக்கும். கீழே கூடத்திலும் அதே கதை. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். இந்த நாட்டில் கார்த்திகையில் சூரியன் தலைகாட்டுவதே அபூர்வம். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் எனக்கு விடமாட்டேன் என்கிறாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவர் மூடுவதை நிறுத்திக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் வரக் காரணம் இருந்தது. அந்த வாரம்தான் அப்பா இறந்த செய்தி வந்து சேர்ந்தது. அவர் போனது ஐப்பசி அடைமழையில். அண்ணன் தந்தி அடிக்கவில்லை. நான் கப்பலேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், அங்கே தனியாக ஒருத்தன் கிடந்து என்ன செய்வான் என்று நினைத்து, கருமாதி முடிந்த பிறகே கடிதம் போட்டிருந்தார். அது என் கைக்கு வந்தபோது அப்பாவின் சாம்பல் மருதையாற்றில் கரைந்து நாளாகியிருந்தது. செய்தி கேட்டால் உடுத்திய துணியோடு தலைமுழுக வேண்டும் அல்லவா? குளியலறைக்குப் போய்ச் சட்டை கால்சட்டையோடு உட்கார்ந்து பச்சைத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். சொட்டச் சொட்ட வெளியே வந்தால் படியில் மிஸஸ் டாசன். "துணி துவைப்பது திங்கட்கிழமைதானே?" என்று கேட்டார். "என் அப்பா இறந்துவிட்டார்" என்றேன். அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார். "ரொம்ப வருத்தம்" என்றார். கொஞ்ச நேரத்தில் என் அறை வாசலில் ஒரு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் சாயத்தொழில் படிக்கும் கல்லூரியிலும் அதேதான். ஒரு "சாரி", ஒரு தலையசைப்பு, பிறகு என்னை விட்டு இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார்கள். துக்கப்பட்டவனைத் தனியே விடுவது இந்த ஊர் மரியாதை. நம் பக்கத்தில் அப்படி விட்டால் அதற்குப் பகை என்று பெயர்.

எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், சாலையை விட்டு வண்டிப்பாதையில் உள்ளே போக வேண்டிய ஊர். சோளமும் பருத்தியும் விளையும் கரிசல். அங்கே ஒரு வீட்டில் சாவு என்றால் முதலில் கதவைத்தான் விரியத் திறந்து வைப்பார்கள். வீட்டு ஆண்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். வருகிறவர்களை "வாங்க" என்று யாரும் அழைக்கமாட்டார்கள். வந்தவர் இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டுவார். துக்கக்காரர் அந்தக் கைகளைத் தம் கைகளால் தொடுவார். அவ்வளவுதான், பேச்சு வேண்டியதில்லை. போகும்போதும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட வேண்டும். இதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. பாடாலூர், ஆலத்தியூர் என்று எந்தத் திசையில் துக்கம் என்றாலும் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கும் ஒரு வரப்பின் பேரில் அரியலூர்க் கோர்ட்டில் பல வருஷமாக வழக்கு. எதிரே வந்தால் காறித் துப்பிக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சித்தப்பா மகனின் தாயார் இறந்தபோது அப்பா போய்க் கை நீட்டினார். அவரும் தொட்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கோர்ட்டுப் படி ஏறி எறங்குறீங்க. அந்த வூட்டு வாசல்ல போயி கைய நீட்டிட்டு வரீங்களே, வெக்கமா இல்ல?"

"கை வேற, வரப்பு வேறடி. செத்தது என் சின்னம்மா இல்லையா?" என்றார் அப்பா. மறுவாரம் வாய்தாவுக்குப் போய் அதே ஆளைப் பார்த்து அதே மாதிரி துப்பிவிட்டும் வந்தார்.

அப்பேர்ப்பட்டவரின் சாவுக்கு எவ்வளவு கூட்டம் வந்திருக்கும்! அண்ணன் எழுதியிருந்தார், பேசுகிற மாதிரியே எழுதுவார் அவர். "கை குடுக்க வந்த சனம் ரோடு வரைக்கும் நின்னுச்சுடா. வழக்குக்காரப் பெரியப்பாகூட வந்துட்டாரு. எல்லாரும் என் கையத் தொட்டுட்டு, பக்கத்துல பாத்துட்டு, சின்னவன் இல்லையான்னு கேட்டாங்க. ஒன் எடத்துல மாமா நிக்கிறேன்னாரு. நான் வுடல." இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைப் படித்துவிட்டுத்தான் நான் அழுதேன். அண்ணனுக்குப் பக்கத்தில், வாசல் ஓரத்தில், ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் காலியாகக் கிடந்திருக்கிறது. வந்த சனமெல்லாம் அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த இடத்தில் நிற்க வேண்டும், யாராவது ஒருவர் வந்து கை நீட்ட வேண்டும், நான் தொட வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். இதை லீட்ஸில் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது? கேட்டு வாங்குகிற சாமானா இது?

ஈஸ்டர் விடுமுறை வந்ததும் அறையில் இருப்புக் கொள்ளவில்லை. பட்டாளத்தார் கழித்துப் போட்ட முதுகுப்பை ஒன்றை வாங்கி, இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு இத்தாலியப் பேச்சுப் புத்தகம் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு ரோமாபுரிக்குப் புறப்பட்டேன். ரோமாபுரியை இன்றைக்கு வரை நான் பார்க்கவில்லை. வழியில் போலோஞா என்ற நகரத்தில் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டால் தோளைத் தூக்கிக் காட்டினார்கள். இறங்கி நடந்தேன். ஸ்டேஷனைச் சுற்றிக் குண்டு விழுந்து பாதி நின்ற வீடுகள். ஒரு வீட்டில் மூன்றாவது மாடிச் சுவரில் சமையல் பாத்திரம் ஒன்று ஆணியில் அப்படியே தொங்கியது, அந்தச் சமையலறைக்குத் தரைதான் இல்லை. ஆனால் மனிதர்கள் முகத்தை மூடிக்கொள்ளாத மனிதர்கள். நின்று, பார்த்து, கேள்வி கேட்டார்கள். "இந்தியானோ" என்று சொல்லிவிட்டால் உடனே என் தலையைப் பார்ப்பார்கள். யுத்தத்தில் அந்தப் பக்கம் வந்த நம் சிப்பாய்கள் தலைப்பாகை கட்டியிருந்தார்களாம். என் வெறுந்தலை அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு நாவிதர் கடையிலிருந்து ஓடி வந்து, தலைப்பாகை எங்கே என்று சைகையால் கேட்டு, திருட்டுப் போய்விட்டது போலிருக்கிறது என்று தாமே முடிவு செய்து எனக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

அந்த ஊர்க்காரர்கள் காலையில் தெருவுக்கு வந்ததும் முதலில் சுவரைப் பார்க்கிறார்கள். சினிமா விளம்பரம் ஒட்டுகிற மாதிரி, இறந்தவர்களின் பெயரைக் கறுப்புக் கரை போட்ட காகிதத்தில் அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டிவைக்கிறார்கள். கூடைக்காரி, அலுவலகத்துக்கு ஓடுகிறவர், சைக்கிள்காரர் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று படித்து, மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். நானும் படித்தேன். பெயரும் வயதும் மட்டும் புரிந்தன. அப்பாவின் வயதுதான். இரண்டு தெரு தள்ளி அதே பெயர் ஒரு வீட்டு வாசலில் ஒட்டியிருந்தது. பாதி திறந்த கதவுக்கு முன்னால் பெரிய மீசையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்கள். நான் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன். வழிப்போக்கன், முதுகில் மூட்டை, எனக்கென்ன வேலை என்று நடந்திருக்கலாம். அப்பா நடந்திருக்கமாட்டார். தெருவைக் கடந்து போய் அந்த மீசைக்காரருக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். நாலு நாள் தாடி, ரயில் கரி, மூட்டை. உள்ளே திரும்பி "ஈனெஸ்!" என்று குரல் கொடுத்தார். கறுப்பு உடுத்திய ஓர் அம்மாள் வந்தார், பார்த்தார், உள்ளே போனார், திரும்பி வந்து என் நீட்டிய கைகளில் அரை ரொட்டியையும் அதன்மேல் ஒரு பாலாடைக்கட்டித் துண்டையும் வைத்தார். "மாஞ்ஜா, மாஞ்ஜா" என்றார். சாப்பிடு என்று அர்த்தம்.

எனக்குக் கூசிப்போயிற்று. கையைக் கீழே விட்டால் ரொட்டி விழும். திருப்பிக் கொடுத்தால் துக்க வீட்டை அவமதித்ததாகும். விளக்கலாம் என்று, பேச்சுப் புத்தகத்தில் படித்த இரண்டு சொற்களைத் தேடிப்பிடித்து, "மியோ பாத்ரே... மோர்த்தோ" என்றேன். என் தகப்பனார் இறந்துவிட்டார். அந்த அம்மாள் "போவெரினோ!", ஐயோ பாவம், என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே ஓடினார். இந்தத் தடவை ஓர் அவித்த முட்டை வந்தது. பிச்சைக்காரன் சொல்லுகிற முதல் கதை எந்த நாட்டிலும் அதுதானே! ரொட்டியும் முட்டையுமாகக் கை நிறைய, கண்ணில் தண்ணீர் வழிய, துடைத்துக்கொள்ளக் கை இல்லாமல் நின்றேன்.

பக்கத்து வீட்டிலிருந்து எத்தோரே என்ற கிழவர் வந்து என்னைக் காப்பாற்றினார். இளமையில் ஆங்கிலேயர் கப்பலில் சமையல் செய்தவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி துறைமுகத்து வசவு. அதையும் வசவென்று தெரியாமல் அன்பாகவே பேசினார். "உனக்கு என்னடா வேண்டும், படுபாவிப் பயலே?" என்று கனிவோடு கேட்டார். சொன்னேன். எங்கள் ஊரில் துக்கம் கேட்க வருகிறவன் கை நீட்டுவான் என்றேன். என் அப்பாவும் இறந்துவிட்டார், அவர் வாசலில் அண்ணன் தனியாக நின்றார், என் இடம் காலியாக இருந்தது என்றேன். ஏன் அதையெல்லாம் சொன்னேனோ தெரியாது. மாதக்கணக்காக யாரும் கேட்கவில்லை, அதனால் வந்துவிட்டது. எத்தோரே கையை ஆட்டி ஆட்டி நான் சொன்னதைப் போல மூன்று பங்கு நீளமாக மொழிபெயர்த்தார். தெருவே நின்று கேட்டது. ஈனெஸ் அம்மாள் முந்தானையால், அதாவது ஏப்ரனால், முகத்தை மூடிக்கொண்டார்.

மீசைக்காரரின் பெயர் ஜினோ. டிராம் வண்டிக் கண்டக்டர், இறந்தவரின் மகன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கையிலிருந்த ரொட்டியையும் முட்டையையும் எடுத்துத் தங்கை ஈனெஸ் அம்மாளிடம் கொடுத்தார். என் முதுகிலிருந்த பையைக் கழற்றி உள்ளே வைத்தார். தம் சட்டைக் கையில் துக்கத்துக்காகக் கட்டியிருந்ததைப் போல ஒரு கறுப்புத் துணியைக் கொண்டுவரச் சொன்னார். ஈனெஸ் அம்மாள் அங்கேயே நின்று என் கோட்டின் கையில் அதைத் தைத்தார். பிறகு ஜினோ என் தோளைப் பிடித்து இழுத்து, கதவு நிலைக்கும் தமக்கும் நடுவில் என்னை நிறுத்திக்கொண்டார். "குயி" என்றார். இங்கே.

அடுத்து வந்தவர் டிராம் கம்பெனிக்காரர் ஒருவர். ஜினோவின் கையைக் குலுக்கினார். அடுத்து என்னைப் பார்த்துத் திகைத்தார். ஜினோ ஏதோ சொன்னார். அவர் தொப்பியை எடுத்துவிட்டு என் கையைப் பிடித்து "கொந்தொலியான்ஸே" என்றார், அவர்கள் துக்கம் கேட்கிற சொல் அது. அப்புறம் இன்னொருவர். அப்புறம் ஒரு கிழவி, என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, ஏதேதோ சொல்லி அழுதாள். எந்த மொழியில் அழுதால் என்ன? வந்தவர்கள் எல்லாரும் ஜினோவின் அப்பாவுக்காகத்தான் வந்தார்கள்; ஆனால் என் கையைப் பிடித்த நேரம் என் அப்பாவுக்காக. நெடுநேரம் நின்றேன். கால் மரத்துவிட்டது. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இந்த வாசலுக்கு அப்பாவும் வந்து நிற்பார் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சனிக்கிழமைச் சந்தைக் கூட்டம் மாதிரி தெருவில் ஆள் வந்துகொண்டே இருக்க, என் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

சவ ஊர்வலத்தில் ஜினோவோடு நடந்தேன். என் பையை எத்தோரே சுமந்து வந்தார். கல்லறையில் அதற்கு என்ன வேலை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் சோள மாவில் கிண்டிய களி, பொலெந்தா என்கிறார்கள். பெரிய பலகையில் கொட்டி, நூலால் அறுத்து வைத்தார்கள். நம் சோளக்களிதான், தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல்தான் இல்லை. வேலைநிறுத்தம் முடியும்வரை அவர்கள் வீட்டிலேயே இருந்தேன். ஜினோ தம் டிராமில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டினார். ஏறுகிற பிரயாணிகளிடமெல்லாம் என் கறுப்புத் துணியைக் காட்டி என் அப்பா கதையைச் சொன்னார். போலோஞாவில் பாதிப் பேருக்கு எங்கள் வரப்பு வழக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

போகிற நாள் வந்தது. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதை எத்தோரே மூலம் முன்பே சொல்லிவைத்திருந்தேன், மரியாதைக் குறைவாக நினைத்துவிடப் போகிறார்களே என்று. அவர்கள் ஊரில் பிரியும்போது "அர்ரிவெதெர்ச்சி" என்பார்கள். மறுபடி பார்க்கும் வரை என்று அர்த்தமாம். ஈனெஸ் அம்மாள் வாய் வரை வந்ததைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். ஜினோ ஸ்டேஷன் வரை வந்தார். வண்டி வந்ததும் பையை ஏற்றிவிட்டு, இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். எங்கள் ஊர் ஆள் நீட்டுவதைப் போலவே, அச்சு அசலாக. ஜன்னல் வழியே குனிந்து தொட்டேன். உடனே திரும்பி, ஒரு வார்த்தை பேசாமல், பின்னால் பார்க்காமல் நடந்து போய்விட்டார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடிதான். அரியலூர் ஸ்டேஷனில் என்னை ரயிலேற்றியபோது அப்பா "போயிட்டு வாப்பா" என்றார். ஜினோவும் அப்படி ஒன்று சொல்லமாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. சொல்லக் கூடாது என்று சொன்னவனே நான்தானே, யாரை நோவது?

லீட்ஸுக்கு வந்து கதவைத் தட்டினேன். மிஸஸ் டாசன் திறந்தார். என் கோட்டின் கையைப் பார்த்தார். ஒரு விரலால் அந்தக் கறுப்புத் துணியைத் தொட்டார்.

"நல்லது. கட்டிக்கொண்டீர்களே" என்றார். "உங்கள் ஊரில் இதெல்லாம் கிடையாதோ என்று நினைத்துவிட்டேன். உங்கள் அப்பாவுக்காக நான் திரையை மூடி மூடி வைத்தேன், நீங்கள் திறந்துகொண்டே இருந்தீர்களே."

அப்பாவுக்கும் திரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார். ஒரு வீட்டில் சாவு என்றால் இங்கே தெருப்பக்கத்து ஜன்னல் திரைகளை மூடுவார்கள். அக்கம்பக்கத்தாரும் மூடுவார்கள். அதுதான் அவர்களுடைய துக்கம் கேட்பது. "எதிர்வீட்டார் மூடினார்கள். மூலைக் கடைக்காரரும் மூடினார். இந்தியாவில் எத்தனை நாள் மூடுவது வழக்கம் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும்? நீங்கள் திறந்துவிட்டீர்கள், அதனால் போதும் போலிருக்கிறது என்று எல்லாரும் திறந்துவிட்டோம்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கார்த்திகையில் ஒரு தெருவே, முன்பின் பார்த்திராத என் அப்பாவுக்காக வெளிச்சத்தை விட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. நான் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துவிட்டு, தூங்குமூஞ்சிகள் என்று திட்டியிருக்கிறேன்! என்னைப் போல இங்கே படிக்க வந்து, யாரும் ஏனென்று கேட்கவில்லை என்று அறையில் குமுறிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். கேட்டிருப்பார்கள். ஜன்னலைப் பாருங்கள்.

இப்போது படிப்பு முடிந்து இங்கேயே ஒரு சாயப்பட்டறையில் வேலையில் இருக்கிறேன். ஊருக்கு எப்போது போவேன் என்று எனக்கே தெரியாது. அண்ணனிடமிருந்து போன வாரம் கடிதம் வந்தது. "நீ வந்தா சனம் திரும்பியும் கை குடுக்க வரும். ஒன் எடத்த அப்படியே வச்சிருக்கேன்டா, வந்து நின்னுட்டுப் போ." என் கையை ஏற்கெனவே ஓர் ஊர் தொட்டுவிட்டது என்று அவருக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எழுதினால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

நேற்று எதிர்வீட்டுக் கிழவர் இறந்துவிட்டார். இந்தத் தடவை மிஸஸ் டாசன் மாடிக்கு வர வேண்டியிருக்கவில்லை; நானே போய்த் திரையை இழுத்தேன். ஆனால் முழுவதும் மூடக் கை வரவில்லை. சாவு வீட்டுக் கதவை விரியத் திறந்து வைக்கிற ஊர்க்காரன் நான். சேர்த்து நீட்டிய இரண்டு கைகள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டேன். மிஸஸ் டாசன் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இழுங்கள் என்று கையைக் காட்டினார். தலையை ஆட்டினேன். இழுக்கவில்லை.